ஒடிசாவைத் திருத்தப் போற பேராண்டிக்கு

ஏலே பேராண்டி, கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை உதறிட்டு ஒடிசாவுக்குச் சேவைக்குப் போறியாமே! உங்க ஆச்சி அழுதா, நான் சிரிச்சேன். மனுசப் பிள்ளை பெறக்கப் பத்து மாசம் போதும். ஸ்டேட் பேங்க்காரங்க நடத்துற 'யூத் ஃபார் இந்தியா'வுல ஒரு சேவகன் பெறக்க 13 மாசம் ஆகுமாக்கும்! 2011-ல இருந்து இப்படிப் பிள்ளைகளைப் பட்டிக்காட்டுக்கு அனுப்புதாங்களாம். பேங்க்காரன் அனுப்புற ஆளு, வட்டி வராட்டாலும் அசலாவது முழுசா வீடு வந்து சேரணும். அதனால முதல்ல கொசுவலையை எடுத்து வை. தெற்கு ஒடிசா மலைக்காட்டுல மலேரியா உண்டு. ஊருக்கு நீ சேவை செய்யப் போயி, ஊர்ச்சனம் உனக்குக் கஞ்சி வச்சு ஊத்துற நிலைமை வேண்டாம்.

உன் பெட்டியை எட்டிப் பாத்தேன். கிராமத்தை முன்னேத்துறதுக்கு ஒரு திட்டம், அச்சடிச்சு, பைண்டிங் போட்டு! அடேயப்பா, ஊரைப் பாக்கும் முன்னேயே ஊரைத் திருத்தியாச்சு. அதைத் தூக்கி எறிஞ்சிராத. அங்கன அடுப்புப் பத்த வைக்க ஆகும்.

நம்ம பஞ்சாங்கத்தையும் இங்கனயே வச்சுட்டுப் போ. நமக்கு மழைன்னா ஐப்பசி, கார்த்திகை. அங்கன ஆனியில பிடிச்சாப் புரட்டாசி வரைக்கும் பெய்யும். ஆடியில ஊரே நாத்து நடும். அந்நேரம் பாத்து "பத்து மணிக்கு விழிப்புணர்வுக் கூட்டம்"னு அறிவிச்சேன்னு வையி, கூட்டத்துக்கு நீயும் ஒரு நாயும்தான் இருப்பீங்க. வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு வயல்ல இறங்கு. கோணலா நடு, பரவாயில்ல. அதைப் பாத்து அந்தப் பொம்பளைக விழுந்து விழுந்து சிரிப்பாங்க பாரு, அதான்டா கூட்டம்! ஐப்பசிப் பக்கம் புயல் வரும். 2013-ல பைலின் புயல் கஞ்சம் மாவட்டத்துக் கோபால்பூர்கிட்டதான் கரை ஏறுச்சு. லட்சக்கணக்கான சனத்தை முன்கூட்டியே கிளப்புனதாலதான் உசிர்ச்சேதம் குறைஞ்சுது. அங்கன கிளம்புன்னா கிளம்பிரு, வீடியோ எடுத்துக்கிட்டு நிக்காத.

பாஷைக்கு என்ன செய்யப்போற? ஆப் வச்சிருக்கேன்னு சொல்லுத. நம்ம பஸ் ஸ்டாண்டு பரோட்டாக் கடையில ஒடியாக்காரப் பையன் ஒருத்தன் மாவு பிசையுதான். என்னைத் "தாத்தா, சால்னா போதுமா"ன்னு கேக்குதான். அவனுக்கு எந்த ஆப்பு? அவன் ரயில் ஏறும்போது எவனும் மாலை போடல, சர்டிபிகேட் தாரேன்னு சொல்லல. கஞ்சத்துப் பயலுக நெறையப் பேரு சூரத்துக்குத் தறி ஓட்டப் போயிருதாங்க, மிச்சம் மீதி திருப்பூருக்கும் நம்ம ஊருக்கும் வருதாங்க. அவங்க ஊரை விட்டு இங்க வந்தா அதுக்குப் பேரு கூலி. நீ இங்கிருந்து அங்க போனா சேவை. நல்லாருக்குடா உங்க கணக்கு! இன்னைக்குச் சாயங்காலமே அந்தப் பையன்கிட்டப் போயி உக்காரு. அஜான்னா தாத்தா, மாவுசின்னா சித்தின்னு அவன் சொல்லித் தருவான். சொல்லித் தந்ததுக்குக் காசும் குடு.

சோத்துக்கு வருவோம். தண்ணி ஊத்தின சோத்தைப் 'பகாளா'ன்னு வைப்பாங்க. கோராபுட் பக்கம் போனா 'மண்டியா பேஜ்', அதாவது கேப்பைக்கூழு. அதைப் போட்டோ பிடிச்சு 'எளிய மக்களின் எளிய உணவு'ன்னு எழுதினே, காதைத் திருகிருவேன். நீ சின்னதுல மூக்கொழுகிக்கிட்டுக் குடிச்சதும் அதே கூழுதாம்லே. சவராங்கிற ஆதிவாசிச் சனங்க வீட்டுச் சுவர்ல சித்திரம் இருக்கும். அது சாமிக்கும் முன்னோருக்கும் வரையுறது. கேக்காம போனை நீட்டாத.

இப்பக் காரியத்துக்கு வாரேன். மெட்ராஸ்ல படிச்ச மலையாளத்துக்காரர், ஜோ மடியத்னு பேரு. 1971-ல வங்கதேச அகதிகளுக்கு உதவ மாணவர்களைத் திரட்டிட்டுப் போனாரு. அதே வருசம் ஒடிசாவுல புயல் அடிக்கவும் அங்க போனாரு. திரும்பி வரல! 1979-ல 'கிராம் விகாஸ்'னு ஒரு அமைப்பைத் தொடங்கி அங்கனயே இருந்துட்டாரு. இந்தக் கதையை உங்க ஆச்சிகிட்ட மட்டும் சொல்லிராத.

கிராம் விகாஸ்காரங்க வச்ச விதியைக் கேளு. குழாய்த்தண்ணி, கக்கூசு, குளியலறை எல்லாம் ஒவ்வொரு வீட்டுக்கும் உண்டு. ஆனா ஒரு வீடு விடாம ஊரே சேரணும், ஒருத்தன் மாட்டேன்னாலும் வேலை தொடங்காது. வீட்டுக்குச் சராசரி 1000 ரூபா பொது நிதியில போடணும்னு வச்சிருந்தாங்க. இருக்கிறவன் கூடப் போடுவான், இல்லாதவன் குறைச்சுப் போடுவான். மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் ஒரே தொட்டித் தண்ணி. நம்ம ஊர்ல கோயில் கொடைக்கு வரி பிரிக்கவே மூணு வீட்டுக்காரன் முறுக்கிக்கிட்டு நிப்பான், ஒரே தண்ணின்னா என்ன ஆகும்னு யோசிச்சுக்கோ. கக்கூசைக் கொத்தனார் கட்டிருவாரு. முறுக்கிக்கிட்டு நிக்கிற அந்தக் கடைசி வீட்டுத் திண்ணையில போயி, வஞ்சாலும் வாங்கிக் கட்டிக்கிட்டு, மறுநாளும் போயி உக்காரத்தான் ஆள் வேணும். அந்த வேலை உன் திட்டத்துல எந்தப் பக்கத்துலயும் இல்லையே?

ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. அந்தப் பூ நீதான்னு தெரிஞ்சுக்கோ, மப்பு ஏறாது. நெசமாவே அங்கன மஹுவான்னு இலுப்பை இனம் உண்டு. பூவைப் பொறுக்கிக் காயவச்சுத் தின்பாங்க, காய்ச்சவும் செய்வாங்க. காய்ச்சினது பக்கம் போகாத. போனா, ருசி எப்படின்னு எனக்கு மட்டும் சொல்லு.

கடைசியா ஒண்ணு. நீ இல்லாட்டி ஊரே நின்னுபோகும்னு யாராவது மேடையில பேசினா, கை தட்டாத. நீ ஒண்ணும் செய்யலன்னு அர்த்தம். மோட்டார் ரிப்பேர் ஆனா யாரு பாக்கணும், நிதிக் கணக்கை யாரு எழுதணும்னு ஊர்க்காரனுக்கே தெரிஞ்ச பிறகு கிளம்பி வா. 13 மாசம் பத்தலன்னா கூட ரெண்டு மாசம் இருந்து முடிச்சிட்டு வா. ஆச்சிய நான் சமாளிச்சுக்கிடுதேன்.