டுரியான் விழுந்த கூரைக்கு ஒரு வைத்தியம்

வா தம்பி, உட்காரு. பாலிக் பூலாவுக்கு டுரியான் தின்னப் போனவன், மரத்தடியிலேயே காடிய நிறுத்துனியாமே? நிழல் பாத்து நிறுத்துறது புத்திசாலிக்கு அழகுதான். பழுத்த டுரியான் ஹார்ன் அடிச்சிட்டா விழும்?

சரி, போனது போகட்டும். அதுக்குள்ள ஒரு ரப்பர் கிண்ணத்த வேற வாங்கி வச்சிருக்க. ஒட்ட வச்சு இழுத்தா பள்ளம் 'பொக்'குன்னு மேல வந்துரும்னு போன்ல பாத்தியாக்கும். வரும், வரும். புதுக் காடியில, மடிப்பு விழாத மேலோட்டமான பள்ளமா இருந்தா வரும். உன்னோடது மாரிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் வடிவமைச்சு 1948-ல வெளிவந்த ரகம். பத்து லட்சத்தைத் தாண்டி வித்த முதல் பிரிட்டிஷ் காடி. தகரமும் கனம், கூரையும் உருண்டை. முள்ளு குத்தி மடிஞ்ச இடம் கிண்ணத்துக்கெல்லாம் மசியாது. பள்ளம் அங்கேயே இருக்கும், பழைய பெயிண்டு மட்டும் கையோட வரும். சுடுதண்ணி ஊத்துற வித்தை பிளாஸ்டிக் பம்பருக்கு. கொதிக்க வச்சுட்டியா? மைலோ கலக்கு, ரெண்டு பேரும் குடிப்போம்.

உன் கூட்டாளி சொல்ற யோசனை அதைவிட அருமை. ட்ரில்லால துளை போட்டு, ஸ்க்ரூ முறுக்கி, ஸ்லைடு ஹேமரை மாட்டணும். கம்பியில ஓடுற குண்டு பின்னால வந்து 'டங்'குன்னு இடிக்கும், தகரம் வெளிய வரும். ஆம்பளைக்கு ஏத்த வேலை! அப்புறம் சுத்திலும் கடல் இருக்கிற பினாங்குல, அந்த ஓட்டை ஒவ்வொண்ணும் துருப்பிடிக்கும். கை நுழையாத இடம்னா ஆணியைத் தகரத்துல பத்தவச்சு இழுக்கிற ஸ்டட் வெல்டர் இருக்கு. வேலை முடிஞ்சதும் ஆணியை வெட்டித் தேச்சுரலாம், ஓட்டையே விழாது. உன் கூரைக்கு அதுவும் வேணாம். உள்கூரைத் துணியை இறக்கினா கை தாராளமா போகும்.

முதல்ல மெல்லிசுத் துணியை உள்ளங்கைக்கு அடியில வச்சுக் கூரையைத் தடவு. கண்ணுக்குத் தப்புற மேடு கைக்குத் தப்பாது. டுரியான் பள்ளம் மட்டும் பண்ணல, அதைச் சுத்தி ஒரு வரப்பையும் எழுப்பிட்டுப் போயிருக்கு. ஊரே பள்ளத்தைத்தான் பாக்கும். வேலை தெரிஞ்சவன் வரப்பைப் பாப்பான். பள்ளத்தைப் பூட்டி வச்சிருக்கிறதே அதுதான். கூரை வளைவுக்குப் பொருந்துற டாலின்ற இரும்புக் கட்டையை உள்ளேருந்து பள்ளத்துல அழுத்திப் பிடி. வெளியில வரப்பு மேல தட்டைச் சுத்தியால மெல்லத் தட்டு. வரப்பு இறங்க இறங்கப் பள்ளம் ஏறும். கடைசியா விழுந்த மடிப்பை முதல்ல எடு. ஓரத்துலேருந்து நடுவுக்கு வா.

வீரத்தைக் காட்டிக் கட்டைக்கு நேர் மேல ஓங்கி ஓங்கி அடிச்சா, தகரம் மெலிஞ்சு பரவிடும். அப்புறம் அழுத்தினா உள்ள, விட்டா வெளியன்னு 'டப்பு டப்பு'ன்னு அடிக்கும்; தைப்பூசத்துக்கு உறுமி மேளக்காரங்க வாடகைக்குக் கேட்டு வருவாங்க. அதைச் சுருக்கணும்னா காசு அளவு இடத்தைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி, லேசாத் தட்டி, ஈரத்துணியால ஒத்தணும். உள்துணியைக் கழட்டாம அந்த வேலையில இறங்கிடாத. பள்ளமும் இருக்காது, காடியும் இருக்காது.

மட்டம் வந்துச்சான்னு அரத்தை மேலாக்க ஓட்டிப் பாரு. மேடு பளபளக்கும், பள்ளம் மங்கலாவே கிடக்கும்.

"எதுக்கு இவ்வளவு பாடு, பட்டி பூசி பெயிண்டு அடிச்சுரலாமே"ன்னு நீ முணுமுணுக்கிறது கேக்குது. 2008-ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேத்த ஊருல இருந்துக்கிட்டுப் பேசுற பேச்சா இது? நம்ம ஜார்ஜ்டவுன் கடைவீட்டுச் சுண்ணாம்புச் சுவர்ல சிமெண்டு பூசினா, ஈரம் உள்ள அடைபட்டுச் சுவர் உதிரும். துரு மேல அப்புன பட்டியும் அப்படித்தான். மேல வழவழன்னு இருக்கும், அடியில துரு தின்னுக்கிட்டே போகும். பட்டி கூடாதுன்னு சொல்லல. தட்டி மட்டம் பண்ணி, துருவைச் சுத்தமா எடுத்துட்டு, ரெண்டு மூணு மில்லிமீட்டருக்கு மேல போகாமப் பூசு.

பழைய காடி வாங்கப் போறவங்க எல்லாருக்கும் சேத்தே சொல்றேன். மெல்லிசுத் துணியில சுத்தின சின்னக் காந்தம் ஒண்ணு சட்டைப்பையில இருக்கட்டும். தகரத்துல ஒட்டும், தடிச்ச பட்டியில ஒட்டாது. அதைக் கையில எடுத்ததுமே விக்கிறவரு முகம் மாறினா, அதுக்கு மேல சோதனை வேணாம், பேரத்தை ஆரம்பிச்சிருங்க.