வால் வைத்தியர்

இங்கிலாந்தில் ஐம்பதைத் தாண்டிய ஆண்களில் இப்படி ஒரு ரகம் உண்டு. சிறுவயதில் கிறிஸ்துமஸுக்கு வந்த சின்க்ளேர் ஸ்பெக்ட்ரத்தை இன்னும் தோட்டத்துக் கொட்டகையில் வைத்துப் பராமரிப்பார். 1982-இல் வந்த வீட்டுக் கம்ப்யூட்டர் அது, கறுப்புப் பெட்டி. 48கே மாடல் அப்போது 175 பவுண்டு. மேலே ரப்பர் கீகள், 40.

அவரிடம் போய், "கீபோர்டு வேலை செய்யவில்லை" என்று சொல்லிப் பாருங்கள்.

"எந்தக் கீ?"

"நிறைய."

"நிறைய என்றால்? ஓரத்தில் இருப்பவையா, ஒட்டி ஒட்டி இருப்பவையா?"

ரப்பருக்கு அடியில் மெல்லிய மெம்பிரேன். அதிலிருந்து இரண்டு ரிப்பன் வால்கள் இறங்கிப் போர்டில் சொருகியிருக்கும். ஒன்றில் எட்டுக் கம்பி, மற்றதில் ஐந்து. அடுத்தடுத்த ஐந்து கீ மொத்தமாகச் செத்தால் எட்டுக் கம்பி வாலில் கோளாறு. இரண்டு ஓரத்துக் கீகள் எட்டும் சேர்ந்து செத்தால் ஐந்து கம்பி வாலில். ஸ்பெக்ட்ரத்தைத் தொடாமலே இதைச் சொல்லிவிடுவார். அநேகமாக அதுதான் சரியாகவும் இருக்கும்.

சரியாகச் சொன்னதோடு நிறுத்தினால் பிழைத்தோம். "எதற்கும் யூஎல்ஏ சிப்பையும் பார்த்துவிடலாம்" என்று மல்டிமீட்டரை எடுப்பார். புது மெம்பிரேன் இப்போதும் செய்து விற்கிறார்கள், விலையும் அதிகமில்லை. அதைச் சொன்னால் முகம் சுண்டிவிடும். ஒரிஜினல் வேண்டுமாம்! வால் நுனியில் விரிசலா? கத்தரிக்கோலால் கொஞ்சம் நறுக்கித் திரும்பச் சொருகுவார். அடுத்த விரிசலுக்கு இன்னும் கொஞ்சம். ஒருநாள் வால் போர்டுக்கு எட்டாது.

மேலிருக்கும் உலோகத் தகடு இருபக்கப் பசை நாடாவில் ஒட்டியிருக்கும். அதை இளக்க மனைவியின் ஹேர் டிரையர் கொட்டகைக்குப் போகும். தகடு மூலை வளைந்து வரும். ஹேர் டிரையர் வரவே வராது.

பிறகு உதிரிக்காக இன்னொரு ஸ்பெக்ட்ரம் வாங்குவார். வாங்கியது நன்றாகவே ஓடும். ஆனால் மெம்பிரேன் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா? அடியில் ஐந்து ஸ்க்ரூ. கழற்றி மூடியைத் தூக்கியதும் நாற்பது வருடம் காய்ந்த வால் அப்பளம்போல நொறுங்கும். இப்போது நோயாளி இரண்டு. இரண்டுக்கும் உதிரியாக மூன்றாவது வரும். அலமாரி நிறைந்தபின் மனைவி எட்டிப் பார்த்து, "இதில் ஒன்றாவது ஓடுகிறதா?" என்பார்.

"எல்லாமே ஓடும். கீபோர்டு மட்டும்தான்."

ஸ்பெக்ட்ரத்தில் கீபோர்டு மட்டும் என்பது சின்ன விஷயமில்லை. லோட் கட்டளையை எழுத்தெழுத்தாக அடிக்க முடியாது. ஜே கீயை ஒருமுறை தட்டினால் முழு வார்த்தையும் வந்து நிற்கும். ஜே போனால் கேசட்டிலிருந்து விளையாட்டை ஏற்றுவது பெரும்பாடு. எழுத்து போனால் பரவாயில்லை, கட்டளையே போய்விடுகிறதே!

என்றாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, யார் செய்த புண்ணியமோ, 40 கீயும் உயிர்பெறும். பத்தாம் வரியில் தன் பெயரைப் பிரிண்ட் செய்யச் சொல்லி, இருபதாம் வரியில் திரும்பப் பத்துக்கே போகச் சொல்வார். சிறுவனாகக் கடைகளில் செய்துவிட்டு ஓடிய அதே குறும்பு. திரை முழுக்க அவர் பெயர் நிறைந்ததும், "ஸ்க்ரோல்?" என்று ஸ்பெக்ட்ரம் பணிவாகக் கேட்கும். ஒரு கீயைத் தட்டுவார்; மறுபடி பெயர், மறுபடி கேள்வி. ஒவ்வொரு கீயாகத் தட்டிப் பார்ப்பார். எல்லாமே வேலை செய்யும்.

சிறிது நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அப்புறம் மின்சாரத்தை அணைத்துவிட்டு, பெட்டியைக் கவிழ்த்து, முதல் ஸ்க்ரூவில் கை வைப்பார். இவ்வளவு நன்றாக எப்படி ஓடுகிறது என்று பார்க்க வேண்டாமா?