கடப்பாரை சார்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடத்தில் கடப்பாரையைக் குறுக்கே சாத்திக்கொண்டு அனகாபுத்தூர்த் தெருவில் ஒருவர் போனால் அவரைக் கொத்தனார் என்று நினைத்துவிடாதீர்கள். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவர். அடையாற்றங்கரையில் நம் மண்ணின் செடிகொடிகளைத் திரும்பக் கொண்டுவரக் கிளம்பிய தன்னார்வலர் குழுவுக்கு ஒருங்கிணைப்பாளர். பம்மல், பொழிச்சலூர், செம்பாக்கம் என்று தென்புறநகரில் பேட்டைக்கு ஒருவராவது இப்படி இருப்பார். எங்கள் பேட்டைக்காரருக்குத் தெரு வைத்த பெயர் கடப்பாரை சார்.

செடி வளர்ப்பதில் அவருக்குச் சிரமமே கிடையாது. செடிக்கு வாட்ஸப் இல்லை. மனிதர்களுக்கு இருக்கிறது. வியாழக்கிழமை இரவு அவர் குழுவில் அறிவிப்புப் போட்டதும் நாற்பது கட்டைவிரல்கள் உயரும். ஞாயிறு காலையில் அந்த விரல்காரர்களில் ஒருவரையும் கரையில் பார்க்க முடியாது. வந்து நிற்பது விரலே காட்டாத பத்துப் பேர். அதில் மூன்று பேர் நாட்டு நலப்பணித் திட்டச் சான்றிதழுக்காக வந்த கல்லூரிப் பையன்கள். இரண்டு பேர் நடைப்பயிற்சிக்குப் போகிற வழியில் சிக்கியவர்கள்.

ஜூன் 5 மட்டும் விதிவிலக்கு. சுற்றுச்சூழல் தினம் என்றால் கரை கொள்ளாத கூட்டம். ஐ.டி. கம்பெனி ஒரே நிற டி-ஷர்ட்டில் பேருந்து பிடித்து வரும். கடப்பாரை சாருக்கு வயிற்றெரிச்சல் உச்சத்தில் இருக்கும் நாளும் அதுதான். அக்னி நட்சத்திரம் போயும் சூடு அடங்காத மண்ணில் கன்றை வைத்தால் அது எத்தனை நாள் தாங்கும்? அன்றைய மத்திய அமைச்சர் முன்ஷி 1950இல் தொடங்கிவைத்த மரம் நடும் விழாவான வனமகோத்சவமும் ஜூலை முதல் வாரத்தில்தான் வருகிறது. தென்மேற்குப் பருவமழையை நம்பியிருக்கும் ஊர்களுக்கு அது சரி. நமக்கு மழை ஐப்பசியில். "அக்டோபர்ல வாங்க தம்பி" என்பார். அக்டோபரில் தம்பிகளுக்குத் தீபாவளி. அதனால் ஜூன் 5ஐக் குப்பை பொறுக்கும் நாளாக அறிவித்துப் பார்த்தார். பேருந்தில் வந்தவர்கள் ஆட்டோவில் அடங்கினார்கள்.

என்ன மரம் வைப்பது என்பதில் ஊரே நிபுணர். "சிவப்பா பூக்குமே, அது வைங்க சார்" என்பார் ஒருவர். மடகாஸ்கரிலிருந்து வந்த மயிற்கொன்றை அது. 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது அதுவும் தூங்குமூஞ்சியும் எப்படிச் சாலையில் படுத்தன என்று சார் ஆரம்பிப்பதற்குள் அவர் டீக்கடைக்குப் போயிருப்பார். இன்னொருவர் தென்னை கேட்பார். இளநீர் அவர் வீட்டுக்கு. மாடி வீட்டுக்காரர் கேட்பது சட்டென்று வளரும் கோனோகார்பஸ். குஜராத் 2023இல் அதை நடவே கூடாது என்று தடை போட்டதைச் சொன்னால், "அது குஜராத் சார்" என்று பதில் வரும். நீர்மருது, புங்கன், நாவல், நொச்சி என்று சார் சொல்லும் பட்டியலில் செல்ஃபிக்கு லாயக்கான பெயர் ஒன்றுகூட இல்லை.

அதையாவது பொறுத்துக்கொள்வார்கள். "இந்த இடத்துல மரமே வேணாம், கோரையும் நாணலும் தானா வரட்டும், விட்டுடுங்க" என்று அவர் சொன்ன அன்று குழுவிலிருந்து நாலு பேர் விலகினார்கள். சும்மா விடுவதற்கா ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தை விட்டு வந்தோம் என்பது அவர்கள் வாதம். எனக்கும் அதில் நியாயம் இருப்பதாகவே படுகிறது.

இதே ஆற்றின் கரையில், கீழே கோட்டூர்புரத்தில், குப்பைக் கிடங்காக இருந்த பொதுப்பணித் துறை நிலத்தை 'நிழல்' அமைப்பின் தன்னார்வலர்கள் 2006 தொடங்கி நாட்டு மரங்கள் நிறைந்த மரப்பூங்கா ஆக்கினார்கள். சாருக்கு அதுதான் காசி. புதிதாகச் சேர்ந்தவர்களை அங்கே யாத்திரை அழைத்துப் போவார். சுற்றி முடித்ததும் ஒரு கேள்வி தவறாமல் வரும்: "ஊஞ்சல் எங்க சார்?"

அவருடைய பரம வைரி மீனம்பாக்கம் விமானங்கள். நடுவதற்கு முன் எல்லோரையும் வட்டமாக நிற்கவைத்து விளக்குவார். "ரொம்ப முக்கியம், கேட்டுக்குங்க. வைக்கறதுக்கு முன்னாடி..." என்னும்போது ஒரு விமானம் வந்து அடுத்த வாக்கியத்தை விழுங்கிக்கொண்டு போகும். விழுங்கிய வாக்கியம்: கருப்புக் கவரைக் கிழிச்சுட்டு வைக்கணும். எல்லோரும் பலமாகத் தலையாட்டி, கவரோடு நட்டு, படம் எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். மாலையில் சார் தனியாக வந்து அத்தனையையும் தோண்டியெடுத்து, கவரைக் கிழித்து, திரும்ப நடுவார். இதற்குப் படம் இல்லை.

களையெடுப்பு நாளில் கதை வேறு. சீமைக்கருவேலத்தை வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து கொத்தாகத் துளிர்க்கும். வேரோடு தோண்ட வேண்டும். கடப்பாரைக்குக் காரணம் அதுதான். உற்சாகத்தில் ஒரு பையன் நாட்டுக் கருவேலத்தைப் பிடுங்கிவிட்டு, "முள்ளு இருந்துச்சே சார்" என்று நின்றான். ஆனால் உண்மையான எதிரணி ஆடு. நட்ட கன்றைக் கடிக்கும். போகிற வழியில் சீமைக்கருவேலக் காயைத் தின்னும். விதையைப் புழுக்கையோடு, உரமும் சேர்த்து, ஊரெல்லாம் விதைத்துவிட்டுப் போகும். சான்றிதழ் கேட்பதில்லை, விடுப்பும் எடுப்பதில்லை. இப்படி ஒரு தன்னார்வலர் தன் பக்கம் கிடைக்கவில்லையே என்று சார் ஏங்குவதுண்டு.

அனுமதிக் கதை நீளம். ஆறு நீர்வளத் துறையுடையது, தெரு 2021இல் பிறந்த தாம்பரம் மாநகராட்சியுடையது. இந்தக் கரை செங்கல்பட்டு மாவட்டம். பாலம் தாண்டினால் தரப்பாக்கம், காஞ்சிபுரம் மாவட்டம். எதிர்க்கரை ஆகாயத்தாமரை இந்தக் கரைக்கு மிதந்து வந்தால் மனுவை எங்கே கொடுப்பது என்று அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

2025 மே மாதம் ஆற்றோர வீடுகள் இடிக்கப்பட்டு மக்கள் பெரும்பாக்கம், கீரப்பாக்கம் என்று போனார்கள். கன்றுகளுக்குக் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிய அக்காக்களில் பாதிப் பேர் அதில் போனார்கள். காலியான இடத்தில் உடனே மரம் நடலாமே என்று குழுவில் ஒருவர் எழுதினார். சார் அதற்குப் பதில் போடவில்லை. அந்த வியாழக்கிழமை அறிவிப்பும் வரவில்லை.

பிறகு பிள்ளையார் வந்தார். அருகருகே நட்ட அரசுக்கும் வேம்புக்கும் நடுவே ஒரு வெள்ளிக்கிழமை காலை உட்கார்ந்திருந்தார். யார் வைத்தது என்று யாருக்கும் தெரியாது. புறம்போக்கில் பிள்ளையாரும் ஆக்கிரமிப்புதானே என்று சார் முணுமுணுத்தார். ஆனால் அன்றிலிருந்து அங்கே யாரும் குப்பை கொட்டவில்லை, கிளை ஒடிக்கவில்லை. தண்ணீர் தானாக வந்தது. எந்த இரும்புக் கூண்டும் செய்யாத வேலை. சார் கோயில் கமிட்டியில் சேர்ந்துவிட்டார், இப்போது செயலாளர். திருவான்மியூரில் வன்னி, திருவேற்காட்டில் வெள்வேல், மயிலாப்பூரில் புன்னை என்று தலவிருட்சக் கணக்கை எடுத்துவிட்டு, "நம்மளும் ஒரு கடம்பு வைக்கலாமே, தம்பி முருகனுக்கு உகந்தது" என்றார். நிறைவேறியது. வாட்ஸப்பில் ஒரு வருஷம் மன்றாடியும் நடக்காதது, சுண்டல் கை மாறுவதற்குள் முடிந்தது.

ஆட்டுக்குத்தான் பக்தி போதாது. போன சங்கடஹர சதுர்த்திக்கு நைவேத்தியம் ஆவதற்கு முன்பே பிள்ளையார் கழுத்து அருகம்புல் மாலையை முடித்துவிட்டு, கடம்பு பக்கம் திரும்பி நின்றது. குருக்கள் மணியை வைத்துவிட்டு, "செயலாளர் சார்!" என்று கூப்பிட்டார்.