முதலில் ரப்பர் ஸ்டாம்ப்!

வீட்டிலேயே சாம்பார்ப் பொடி அரைத்து விற்கிறேன். இணையத்தில் ரெடிமேட் லோகோ 500 ரூபாய்க்குக் கிடைக்கிறது. டிசைனர் 15,000 கேட்கிறார். எதை வாங்கலாம்?
(வாசகி, ஈரோடு)

அக்கம்பக்கத்துக்கு மட்டும் விற்கிற வரை இரண்டும் வேண்டாம். பெயரைக் கொட்டை எழுத்தில் ஸ்டிக்கர் அடித்து ஒட்டுங்கள். அந்தக் காசுக்கு நல்ல மிளகாய் வாங்குங்கள். கடைகளுக்குச் சரக்குப் போடத் தொடங்கும்போது டிசைனரிடம் போங்கள்.

ரெடிமேட் ஏன் கூடாது என்பதற்கு எங்கள் தெருமுனை மளிகைக் கடையே சாட்சி. ஒரே கொக்கியில் இரண்டு மசாலா பாக்கெட். இரண்டிலும் அதே உரல், அதே உலக்கை, அதே இரண்டு மிளகாய். காம்புகூட ஒரே பக்கம் வளைந்திருக்கிறது! ஒன்று கோவைச் சரக்கு, மற்றது நெல்லைச் சரக்கு. ஒரே கம்பெனி என்று நினைத்துக் கடைக்காரர் சேர்த்து மாட்டிவிட்டார். "போன தடவை ஒரே உப்பு" என்று ஓர் அம்மா இரண்டையுமே ஒதுக்கிவிட்டுப் போனார். யாரோ போட்ட உப்புக்கு யாரோ தண்ணீர் குடிக்கிறார்கள். ரெடிமேட் தளங்கள் பெரும்பாலும் பயன்படுத்த அனுமதிதான் தருகின்றன. அதே படத்தை அடுத்தவருக்கும் விற்பார்கள்.

எங்கள் டிராவல்ஸ் லோகோவில் உலக உருண்டை வைக்கலாமா?
(வாசகர், பல்லடம்)

வண்டி பழநிக்குத்தானே போகிறது? மலையை வையுங்கள்.

நைக்கி லோகோவே 35 டாலர்தானாமே! நான் மட்டும் ஏன் ஆயிரக்கணக்கில் அழ வேண்டும்?
(வாசகர், திருச்சி)

இந்தக் கதையின் முதல் பாதியைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். 1971இல் கரோலின் டேவிட்சன் என்ற மாணவி 35 டாலருக்கு வரைந்தார், உண்மை. 1983இல் அதே நிறுவனம் அவரை அழைத்து மோதிரமும் பங்குகளும் கொடுத்ததே, அதையும் சொல்லுங்கள். நம் ஸ்டேட் வங்கியின் நீல வட்டமும் 1971இல் வந்ததுதான். வரைந்தவர் அகமதாபாத் தேசிய வடிவமைப்புக் கழகத்தில் படித்த சேகர் காமத். கோகோ கோலா எழுத்தை 1880களில் எழுதிய ஃபிராங்க் ராபின்சனோ கணக்கெழுதுகிறவர், டிசைனரே இல்லை! பட்டம், கூலி எல்லாம் அப்புறம். உங்கள் தொழிலுக்கென்றே ஒருவர் பேப்பரும் பென்சிலுமாக உட்கார்ந்தாரா என்று பாருங்கள். திருச்சியில் வரைகலை படிக்கிற பிள்ளையிடம் கொடுங்கள். நியாயமான கூலியும் கொடுங்கள்.

லோகோ நன்றாக இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
(வாசகி, மதுரை)

இந்தப் பகுதியின் பழைய வாசகர்கள் கோரஸாகப் பதில் சொல்வார்கள்: ரப்பர் ஸ்டாம்ப்! ஒரே நிறத்தில், கட்டைவிரல் அகலத்தில், பில் புக்கில் குத்திப் பாருங்கள். தெரிந்தால் லோகோ, அப்பிக்கொண்டால் ஓவியம். ஸ்டேட் வங்கி வட்டம் குண்டூசித் தலை அளவுக்குச் சுருக்கினாலும் தெரியும்.

டிசைனருக்கு முழுப் பணமும் கொடுத்துவிட்டேன். ஜேபிஜி மட்டும் அனுப்பினார். ஒரிஜினல் ஃபைல் கேட்டால் மேற்கொண்டு பணம் கேட்கிறார். லோகோ என்னுடையதுதானே?
(வாசகர், சேலம்)

பணம் கொடுத்ததாலேயே உங்களுடையது ஆகிவிடாது. உங்களிடம் சம்பளத்துக்கு இல்லாத ஒருவர் வரைந்தால், 1957 பதிப்புரிமைச் சட்டப்படி வரைந்தவருக்கே முதல் உரிமை. அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தால்தான் அது உங்களுக்கு மாறும். சண்டை வேண்டாம், அவருடைய உழைப்பும் உழைப்புதான். ஒரு தொகை பேசி, உரிமை மாற்றிய கடிதமும் ஒரிஜினல் கோரல் டிரா ஃபைலும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

அந்த ஃபைலின் அருமை எனக்குத் தெரியும். என் அக்காவின் தையல் கடைக்குப் போர்டு அடிக்க ஜேபிஜியோடு ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனேன். பத்தடிக்கு இழுத்ததும் லோகோவின் ஊசி முனை படிக்கட்டு படிக்கட்டாக உடைந்தது. அக்கா எதுவும் பேசாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் எல்லாவற்றையும் புதிதாக வரைய வேண்டியதாயிற்று.

உரிமைக் கடிதம் கைக்கு வந்ததும் டிரேட்மார்க்குக்கு விண்ணப்பியுங்கள். தனிநபருக்கும் சிறுதொழிலுக்கும் ஆன்லைனில் ஒரு வகைப் பொருளுக்கு 4,500 ரூபாய். பதிவானால் 10 ஆண்டு, பிறகு புதுப்பிக்கலாம்.

வட்டத்துக்குள் 'ஆர்' இப்போதே போட்டுக்கொள்ளலாமா?
(அதே வாசகர்)

பதிவாகும் முன் போட்டால் குற்றம். 'டிஎம்' போடுங்கள்.

ரெடிமேட் தளத்தில் தமிழிலும் பெயர் போட்டுத் தருகிறார்களே?
(வாசகி, காரைக்குடி)

தருகிறார்கள், எழுத்தை உடைத்து! போன வாரம் ஒரு விசிட்டிங் கார்டு கைக்கு வந்தது. 'கொண்டல்' என்ற பெயரில் ஒற்றைக் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் 'க' அநாதையாக நிற்கிறது. 'ல்' தலையில் இருக்க வேண்டிய புள்ளி பக்கத்தில் உருண்டு கிடக்கிறது. பெயர் வைத்த தாத்தா பார்த்தால் நெஞ்சு பதறாதா? உங்கள் ஊரிலேயே சுவரிலும் லாரியிலும் எழுதுகிற பெயின்டர்கள் இருப்பார்கள். ஒருவரைத் தேடிப் பிடித்து, பெயரை வெள்ளைத் தாளில் பெரிதாக எழுதித் தரச் சொல்லுங்கள். தாளை ஸ்கேன் எடுத்து டிசைனரிடம் கொடுங்கள். பெயின்டர் எழுதுகிற 'ழ'வின் சுழிப்பு எந்த ரெடிமேட் தளத்திலும் கிடைக்காது.