முதற்கேள்வி ஊடல்: கல்லிடைக்குறிச்சி மருதநிலத்தில் ஒரு மெட்டல் ஆல்பம்

ட்ரீம் தியேட்டர் என்னும் அமெரிக்க ப்ராக்ரஸிவ் மெட்டல் குழுவின் பதினாறாவது ஆல்பமான ‘பாராசோம்னியா’ 2025 பிப்ரவரி 7, வெள்ளிக்கிழமை வெளியானது. உறக்கக் கோளாறுகளைப் பற்றிய ஆல்பம். எட்டுத் தடங்கள், சுமார் 71 நிமிடம். அன்று பொழுது சாய்வதற்குள் கல்லிடைக்குறிச்சியில் அதைப் பற்றி மூன்று கட்சிகள் உருவாகி, அவற்றில் இரண்டு ஒன்றோடொன்று பேச்சை நிறுத்திக்கொண்டன. ஊரில் இந்த வகை இசையைக் கேட்பவர்கள் எல்லாரும் ஒரே ஆட்டோவில் அடங்கிவிடுவார்கள் என்பதை நோக்க, இது ஆராயத்தக்க நிகழ்வு. அறிஞர் எவரும் இதுவரை இப்பொருளைத் தொடவில்லை. அதற்குக் காரணம் இருக்கலாம் என்று என் வீட்டார் தெரிவித்த கருத்து, இவ்வாய்வின் வரம்புக்கு அப்பாற்பட்டது.

நூற்பா:
கேளா முன்னரே கெழுமிய கருத்தை
முதற்கேள்வி என்ப முழுதுணர்ந் தோரே.

இச்சூத்திரம் என்னுதலிற்றோ எனின், ஒரு ஆல்பத்தைப் பற்றிய முதல் அபிப்பிராயம் அதைக் கேட்பதற்கு முன்பே தயாராகிவிடுகிறது என்பதை உணர்த்துதல் நுதலிற்று. காட்டு: வெளியீட்டுக்கு முந்தின நாள் சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் ஒருவர், “வரட்டும்ல, கேப்போம். ஆனா ‘இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்’ மாதிரி வராது, பாத்துக்கோ” என்றது. அந்த ஆல்பம் வந்தது 1992-இல். சொன்னவர் பிறந்தது அதற்குப் பல வருஷம் கழித்து. தாம் பிறப்பதற்கு முன்பே முடிந்துபோன பொற்காலத்துக்காக ஏங்குவது தமிழருக்குப் புதிதல்ல என்பதால் இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

இனி முதற்பொருள். கல்லிடைக்குறிச்சிக்கு வடக்கே தாமிரபரணி, ஊரை ஒட்டிக் கன்னடியன் கால்வாய், சுற்றிலும் நெல்வயல். ஆகவே நிலம் மருதம். மேற்கே பொதிகை மலை தெரிவதைக் காட்டிக் குறிஞ்சி என்று வாதிட்ட நண்பர் மலைப்பக்கம் போயே பல காலம் ஆகிறது. அவர் வாதம் தள்ளப்பட்டது.

மருதத்துக்குரிய சிறுபொழுது வைகறை. இதுவும் பொருந்துகிறது. 2015 ஜூலை 10 முதல் உலகெங்கும் புது ஆல்பங்களை வெள்ளிக்கிழமைதான் வெளியிடுகிறார்கள். இணையத்தில் பெரும்பாலும் அந்தந்த நாட்டு நள்ளிரவில். பிப்ரவரி மாதம் நியூயார்க் நமக்குப் பத்தரை மணி நேரம் பின்னால் வருகிறது. குழுவின் சொந்த ஊரான லாங் ஐலண்டில் வியாழக்கிழமை மத்தியானம் ஒன்றரை மணிக்குச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். அப்போது கல்லிடைக்குறிச்சியில் வெள்ளிக்கிழமை பிறந்து ஆல்பமும் பிறந்துவிடும். நள்ளிரவில் தொடங்கி இடைவிடாமல் இரண்டு முறை கேட்டால் மணி 2:22. வைகறை நுழைந்துவிட்டது. மூன்றாம் முறை கேட்பவர் யாரும் இல்லை. அதற்குள் அபிப்பிராயம் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள்.

நிலமும் பொழுதும் மருதமானால் உரிப்பொருள் ஊடலாகத்தான் இருக்க வேண்டும். இங்கேதான் இவ்வாய்வின் மையம் இருக்கிறது.

1985-இல் பாஸ்டனின் பெர்க்லீ இசைக்கல்லூரியில் மூன்று மாணவர்கள் தொடங்கிய குழு இது. மூவரில் ஒருவர் ட்ரம்மர் மைக் போர்ட்னாய். 2010 செப்டம்பரில் அவர் பிரிந்தார். கொஞ்ச காலம் ஓய்வெடுக்கலாம் என்று அவர் சொல்ல, மற்றவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. ஓய்வு கேட்டவர் எங்கே போனார்? அவெஞ்ஜ்டு செவன்ஃபோல்டு என்னும் வேறொரு குழுவுக்கு அந்த வருஷமே வாசித்தார். பிறகு வைனரி டாக்ஸ், சன்ஸ் ஆஃப் அப்போலோ என்று வீட்டுக்கு வீடு. 2023 அக்டோபரில் திரும்பி வந்தார். ‘பாராசோம்னியா’ அவர் திரும்பி வந்தபின் வந்த முதல் ஆல்பம்.

தலைவியை விட்டுப் பரத்தையர் சேரிக்குப் போன தலைவன், ஊரெல்லாம் சுற்றிவிட்டு வாசலில் வந்து நிற்கிறான். தலைவி கதவைத் திறப்பாளா? இரண்டாயிரம் வருஷமாக இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கும் மொழி நம்முடையது. அமெரிக்க ரசிகன் இதை ‘ரீயூனியன்’ என்று சொல்லிக் கைதட்டிவிட்டுப் போகிறான். கைதட்டுவதற்கு முன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது மருதநிலத்து ரசிகனுக்குத்தான் தெரியும்.

நூற்பா:
பிரிந்தோன் வரினும் பெயர்த்துக் கதவடைத்தல்
உரிய ரசிகர்க்கு ஊடற் காலே.

தலைவன் நேராக வாசலுக்கு வருவதில்லை. முதலில் பாணனை அனுப்புவான். பாணன் யாழோடு வந்து, ‘என் தலைவன் மாறவே இல்லை, பழைய அன்பு அப்படியே இருக்கிறது’ என்று பாடுவான். 2024 அக்டோபரில் வந்த ‘நைட் டெரர்’ பாட்டு அந்தப் பாணன். பத்து நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆல்பம் வருமுன் இன்னும் இரண்டு பாணர்கள் வந்தார்கள். பாணன் பொய்யன் என்பது அகத்திணை மரபு. கல்லிடை ரசிகர்களும் மரபை மீறவில்லை: “ஒரு பாட்டை வச்சி ஒண்ணும் சொல்ல முடியாது மக்கா. நல்ல பாட்டை முன்னால விட்டுட்டு, பின்னால எதையாவது தள்ளி விட்டுருவான்.”

மூன்றாம் பாணனான ‘மிட்நைட் மெசையா’ தனித்துச் சொல்லத்தக்கது. வரிகளைப் போர்ட்னாயே எழுதினார். பழைய பாட்டுகளின் பெயர்களையும் சொற்களையும் இடையிடையே பொதிந்துவைத்தார். ‘அந்த நாளில் நாம் எப்படி இருந்தோம் தெரியுமா’ என்று தலைவன் வாசலில் நின்று நினைவூட்டும் உத்தி இது. தலைவியர் இருவர் உடனே கதவைத் திறந்துவிட்டார்கள். அவர்கள்தான் முதற்கட்சி. கதவை அடைத்தே வைத்தவர்கள் இரண்டாம் கட்சி; அவர்கள் இன்றுவரை முதற்கட்சியை மதிப்பதில்லை.

திருக்குறள் புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை என்னும் மூன்று அதிகாரங்களோடு முடிகிறது. நடுவில் உள்ள 132-ஆம் அதிகாரத்தில் தலைவன் தும்மினாலும் குற்றம், தும்மலை அடக்கினாலும் குற்றம். வெள்ளிக்கிழமை விடியற்காலையில் ஆற்றுப் படித்துறையில் இந்த அதிகாரத்தை உயிரோடு காண நேர்ந்தது. படியில் இரண்டு பேர். ஒருவர் அப்பளக் கம்பெனிச் சரக்கை வண்டியில் கொண்டுபோய்க் கடைகளுக்குப் போடுகிறவர். மற்றவர் பெங்களூர்க் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர். இருவருக்கும் இடையில் ஒரே இயர்போன். வலப்பக்கத்து மொட்டு ஒருவர் காதில், இடப்பக்கத்து மொட்டு இன்னொருவர் காதில்.

“ஏல, ட்ரம்ஸு ரொம்ப முன்னால வருது. கீபோர்டை அமுக்கிட்டான்.”

“எங்க அமுக்கிட்டான்? கீபோர்டுதான் காதைப் பிய்க்கி. ட்ரம்ஸு எங்கேயோ அம்பாசமுத்திரத்துல கேக்க மாதிரில்லா இருக்கு!”

ஸ்டீரியோவில் இரண்டு காதுக்கும் ஒரே ஒலி போவதில்லை. இவர் கேட்டது ஒரு பாதி, அவர் கேட்டது மறுபாதி. பத்து நிமிடம் கழித்துக் காதை மாற்றிக்கொண்டார்கள். உண்மை விளங்கி ஒற்றுமை பிறக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. ட்ரம்ஸ் முன்னால் வருகிறது என்றவர் இப்போது மறுபாதியைக் கேட்டுக்கொண்டே அதையே சொன்னார். முதல் நூற்பா மெய்ப்பிக்கப்பட்டது.

அன்று ஊரில் மிகுதியாக அடிபட்ட வாதம் ஸ்நேர் ட்ரம்மின் சத்தத்தைப் பற்றியது. “போர்ட்னாய் வந்ததும் சத்தத்துல உயிர் வந்துட்டுல்லா!” என்று கதவைத் திறந்த கட்சி நெகிழ்ந்தது. வாசிப்பவரின் கை வேறு என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சத்தத்தைக் கலவை செய்தவர் ஆண்டி ஸ்னீப்; 2021-இல் வந்த முந்தைய ஆல்பத்தைக் கலவை செய்தவரும் அவரே. இந்த விவரத்தைச் சபையில் வைத்தேன். “சும்மா கெடங்க அண்ணாச்சி, ஒங்களுக்கு என்ன தெரியும்” என்று பதில் வந்தது. இது எதிர்வாதத்தின் பாற்படுமா, படாதா என்பதில் உரையாசிரியர்களுக்குள் கருத்து வேறுபாடு வரலாம்.

இன்னொரு சான்று ரயிலில் கிடைத்தது. திருநெல்வேலி சந்திப்பில் செங்கோட்டை வண்டியில் ஏறி ஆல்பத்தைப் போட்டால், சேரன்மகாதேவி, வீரவநல்லூர் தாண்டிக் கல்லிடை வருவதற்கு ஒரு மணி நேரத்துக்குள்தான் ஆகும். ஆல்பம் 71 நிமிடம். கடைசிப் பாட்டு ‘தி ஷேடோ மேன் இன்சிடென்ட்’ மட்டும் பத்தொன்பதரை நிமிடம். ஆக, ரயிலில் கேட்டவர்கள் யாரும் அந்தப் பாட்டின் பிற்பாதியைக் கேட்டிருக்க வழியில்லை. கேளாத அந்தப் பிற்பாதிதான் “இழுவை” என்று ஸ்டேஷன் வாசலிலேயே தீர்ப்பளித்தார்கள்.

கல்லிடைக்குறிச்சிக்கு இது புதுப் பழக்கமா என்றால் இல்லை. சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ 1904-இல் எட்டயபுரத்தில் அச்சானது. முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகள் இருநூற்றுக்கு மேல் அதில் உண்டு. அதில் இல்லாத கிருதிகளையும் பிற்காலத்தில் தேடிப் பதிப்பித்தவர்களில் முக்கியமானவர் இந்த ஊர் சுந்தரமய்யர். ‘இவை தீட்சிதர் செய்தவைதானா, சாயல் இருக்கிறதா, இல்லையா’ என்று சங்கீத உலகம் அன்று தொடங்கிய வாதம் இன்னும் ஓயவில்லை. புது உருப்படி வந்தால் ‘இது பழையவர் கைதானா’ என்று கேட்பது, அந்த வகையில், இந்த ஊர் மண்ணோடு வந்தது. தீட்சிதரே ஆங்கிலேயர் பேண்டு வாத்திய மெட்டுகளுக்கு சம்ஸ்கிருத சாகித்தியம் எழுதியவர்; நோட்டுஸ்வரம் என்று பாடுகிறோமே, அதுதான். அதை முதன்முதல் கேட்டவர்கள் என்ன சொன்னார்கள் என்பது தெரிந்தால் இக்கட்டுரை இன்னும் நீளும்.

தெருவில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் இருக்கிறார். தீட்சிதர் கிருதி கேட்டே வளர்ந்த காது. பெங்களூரின் அகம் குழு ‘ரங்கபுர விஹார’வை கிட்டாரும் ட்ரம்ஸுமாகப் பாடியதைக் கேட்டபோது, “பிருந்தாவன சாரங்கா எங்கேயும் ஓடிப்போயிடலைடா” என்று சான்றிதழ் கொடுத்தவர். அவரிடம் ‘பாராசோம்னியா’வைக் கேட்கச் சொன்னோம். ஏழு எண்ணிக்கையில் ஒரு ரிஃப் வந்ததும் தொடையில் கை தானாக விழுந்தது. “மிஸ்ர சாப்புன்னா இது?” பக்கத்தில் பையன்கள் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். “தலை எட்டுல போறது, பாட்டு ஏழுல போறது. ரெண்டும் எங்கேயாவது சந்திக்குமா?” “சந்திக்கும் சார்வாள், அம்பத்தாறுல” என்றான் ஒருவன். சார்வாள் முகத்தில் அன்று அதுதான் ஒரே மகிழ்ச்சி. ஆல்பத்தைப் பற்றி அவர் சொன்ன அபிப்பிராயம்: “கணக்கு சரியா இருக்கு.” இந்தக் குழுவின் 1999 ஆல்பத்தில் வரும் ‘தி டான்ஸ் ஆஃப் எடெர்னிட்டி’ ஆறேகால் நிமிடத்துக்குள் நூறு தடவைக்கு மேல் தாளம் மாறுகிறது என்று தெரிவித்தோம். தீட்சிதரின் தகப்பனார் ராமசுவாமி தீட்சிதர் நூற்றெட்டு ராகத்துக்கும் தாளத்துக்கும் மாலை தொடுத்தவர் என்று அவர் பதிலுக்குத் தெரிவித்தார். பேச்சு அங்கே நின்றது.

ஒரு மறுப்பையும் இங்கே சந்திக்க வேண்டும். திரும்பி வந்தவரைக் கண்டால் இந்த ஊர் ஊடித்தான் தீருமா? கல்லிடைக்குறிச்சி குலசேகரமுடையார் கோயில் நடராஜர் 1982-இல் திருடுபோய், ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரக் கலைக்கூடத்தில் இருந்து, 2019-இல் மீண்டு வந்தார். போர்ட்னாய் பிரிந்திருந்தது பதின்மூன்று வருஷம், நடராஜர் முப்பத்தேழு. அவரிடம் யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. ‘முன்னைப்போல ஆட்டம் இல்லை’ என்று ஒருவரும் சொல்லவில்லை. விடை எளிது. அவர் பிரியவில்லை, பிரிக்கப்பட்டார். தானாகப் போனவரிடத்தில்தான் ஊடல் செல்லும்.

மருத இலக்கணம் முழுதும் தேடியும் ஒருவருக்கு மட்டும் துறை கிடைக்கவில்லை. தலைவன் போன பதின்மூன்று வருஷம் வீட்டில் இருந்து விளக்கேற்றியவர் மைக் மாஞ்சினி. அவர் பெயரும் மைக்தான். பெர்க்லீயில் வாத்தியார் வேலையை விட்டுவிட்டு வந்தவர். ஐந்து ஆல்பங்கள் வாசித்தார். இந்தக் குழுவுக்குக் கிடைத்த ஒரே கிராமி விருது 2022-இல் ‘தி ஏலியன்’ பாட்டுக்கு வந்தது. அதில் ட்ரம்ஸ் அவருடையது. தலைவன் திரும்பி வந்ததும் மரியாதையாக விடைபெற்றுக்கொண்டார். தோழிக்குத் துறை உண்டு, பாணனுக்கு உண்டு, விறலிக்கு உண்டு, பரத்தைக்குக்கூடத் தனிக்கூற்று உண்டு. இவருக்கு ஒன்றுமில்லை. முதற்கேள்வி நாளில் ஆட்டோ கொள்ளும் அத்தனை பேரில் அவர் பெயரைச் சொன்னவர் அப்பள வண்டிக்காரர் ஒருவர்தான்: “அந்த மனுசன் இப்ப என்ன செய்யுதாரு வே?” யாரும் பதில் சொல்லவில்லை, அடுத்த பாட்டைப் போட்டுவிட்டார்கள். மூன்றாவது கட்சி அந்த வண்டிக்காரருடையது. ஒரே உறுப்பினர்.

நடுவர் என்ற முறையில் தீர்ப்புச் சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது. ஸ்நேர் வழக்கு தள்ளுபடி. ‘மிட்நைட் மெசையா’வின் பழைய ஞாபக வரிகளைக் கொஞ்சம் குறைத்திருக்கலாம். ஆல்பத்தில் நல்ல பாட்டு ‘பெண்ட் தி கிளாக்’. அதன் முடிவில் ஜான் பெட்ரூச்சி வாசிக்கும் கிட்டாருக்காக மற்றதையெல்லாம் மன்னிக்கலாம். ‘தி ஷேடோ மேன் இன்சிடென்ட்’டைப் பற்றிய தீர்ப்பு ஒத்திவைக்கப்படுகிறது. ரயிலில் கேட்டவர்கள் அடுத்த முறை செங்கோட்டைக்கே டிக்கெட் எடுத்து, பாட்டை முழுசாகக் கேட்டுவிட்டு, எதிர் வண்டியில் திரும்பி வந்து சாட்சி சொல்லும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.