கைகாரத் தம்பிக்கு

தம்பி, உன் கைவேலையைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை. 2003ஆம் வருஷத்து மாருதி 800. அதன் சைலன்சரைப் பார்த்த மெக்கானிக்கே, தொட்டால் ஸ்டட் முறியும் என்று கைவிரித்துவிட்டார். நீ முதல் நாள் இரவே துருப்பிடித்த நட்டுகளுக்கு எண்ணெய் விட்டு ஊறப்போட்டாய். விடிந்ததும் கால் சுற்று தளர்த்தி, கொஞ்சம் இறுக்கி, மறுபடி தளர்த்தி, பல் ஆடுகிற பிள்ளையிடம் நடந்துகொள்வதுபோல் பொறுமையாகக் கழற்றினாய். ஒரு ஸ்டட்கூட முறியவில்லை. இந்தப் பொறுமை எனக்கு வராது.

தைரியமும் சாமானியமானதா? காரோடு வந்த ஜாக்கியில் தூக்கி, அடியில் ஹாலோ பிளாக் கற்களை அண்டக் கொடுத்து, 600 கிலோவுக்கு மேலான பாரத்துக்கு நேர் கீழே மூன்று மணி நேரம் மல்லாந்து கிடந்தாய். அந்தக் கல் விரிசல் காட்டாது, முனகாது. போனால் ஒரேயடியாக நொறுங்கிப் போகும். அந்தக் கல்லைவிட உறுதியான நெஞ்சு உனக்கு. ஸ்டாண்டு வாங்கும் காசும் மிச்சம்.

சிக்கனம் என்றால் அதுவல்லவா! மேனிஃபோல்டுக்கும் குழாய்க்கும் நடுவே பழைய காஸ்கெட்டையே பேஸ்ட் தடவித் திரும்பப் போட்டாய். பம்பர் வரை போகவேண்டிய வால்குழாயைப் பின் சீட்டுக்கு அடியிலேயே முடித்துவிட்டாய். இரண்டடிக் குழாய் லாபம்.

எல்லாவற்றுக்கும் சிகரம் அந்த கேட்டலிடிக் கன்வெர்ட்டர். அதன் வாயில் டார்ச் அடித்துப் பார்த்தாயே, தேன்கூடு மாதிரி ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கண்கள். அந்தச் சுவர்களில் பூசியிருக்கும் பிளாட்டினமும் பல்லேடியமும் ரோடியமும்தான் எஞ்சின் கக்கும் கார்பன் மோனாக்சைடைக் கார்பன் டை ஆக்சைடாக மாற்றி வெளியே விடுகின்றன. 1995இல் சென்னையோடு மற்ற மூன்று பெருநகரங்களிலும் புதிய பெட்ரோல் கார்களுக்கு இதைக் கட்டாயமாக்கினார்கள். ஈயம் இதைக் கெடுத்துவிடும் என்பதால் ஈயமில்லாப் பெட்ரோலையும் சேர்த்தே கொண்டுவந்தார்கள். 2000இல் நாடு முழுக்க ஈயப் பெட்ரோலையே நிறுத்தினார்கள். இத்தனை பேர் இத்தனை வருஷம் பட்ட பாட்டை நீ ஒரே ஞாயிற்றுக்கிழமையில், பன்னிரண்டாம் நம்பர் ஸ்பானரால் கழற்றி வைத்துவிட்டாய்! பழைய இரும்புக் கடையில் நல்ல விலை கிடைத்ததாம். அந்த இடத்தில் வெறும் குழாய். வண்டி இப்போது முன்னைவிட இழுக்கிறது என்கிறாய். தெருமுனையில் திரும்பும்போதே நீ வருவது எங்கள் வீட்டு மாடிவரை கேட்கிறது.

நேற்று நீ சொன்னதுதான் எனக்கு இரவெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. "அண்ணே, காரில் ஏறின பத்து நிமிஷத்தில் பாப்பா தூங்கிவிடுகிறாள். முன்னெல்லாம் என்ன ஆட்டம் போடுவாள்!" உன் வண்டிக்கு இப்போது தாலாட்டவும் தெரிகிறது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்காரும் இடத்தை அதைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாகப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு அசதி, பிறகு தூக்கம். டிக்கியின் தரையில் துரு தின்ற ஓட்டை, அதற்கு முன்னாலேயே நின்றுபோன வால்குழாய், அந்த ஓட்டைக்கு ஒரு முழம் தள்ளிப் பாப்பாவின் தலை. உன் மனைவிக்கும் ஒரு வாரமாகத் தலைவலி என்றாய். வெயில் என்று நினைத்தாயாம்.

காரை எடுக்காதே. இன்றே இரண்டு பேரையும் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கூட்டிப்போ. வண்டிப் புகை என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல். இரண்டு ஸ்டாண்டும் புது காஸ்கெட்டும் முழுநீள வால்குழாயும் வாங்கி வைத்திருக்கிறேன். கன்வெர்ட்டருக்குச் சொல்லியிருக்கிறேன், புதன்கிழமை வரும். டிக்கி ஓட்டைக்குத் தகடு நீ வெட்டு. உன் கை இல்லாமல் அந்த ஸ்டட்களை நான் முறிக்காமல் கழற்ற முடியாது.