முள்சீத்தா மாப்ளைக்கு

வாரும் மாப்ளே, டாக்டரு மாப்ளே! போன மாசம் வரைக்கும் உரக்கடையில மூட்டை எண்ணிக்கிட்டு இருந்தீரு. ஒங்கம்மாவுக்கு மார்ல கட்டின்னதும், படிச்சவன் வருசக்கணக்கா முக்குனத ஒரே ராத்திரியில செல்போன்ல வீடியோ பாத்து முடிச்சிட்டீரே! கெட்டிக்காரன்தான்.

சோறு கூடாது, பால் கூடாது, பழம் கூடாது. சர்க்கரைய நிறுத்துனா புத்து பட்டினியில செத்துப்போகும். இதானே ஒம்ம வைத்தியம்? பாதி நெசந்தான். ஜெர்மனியில ஓட்டோ வார்பர்க்னு ஒருத்தர், புத்துச் செல்லு சர்க்கரைய அள்ளி அள்ளித் தின்னுதுன்னு 1920கள்லயே கண்டாரு. பெட் ஸ்கேன் எடுக்காகளே, அதுவும் இந்தப் பேராசைய நம்பித்தான். கதிர்வீச்சு ஏத்துன சர்க்கரைய ஊசியில போட்டா, எங்க கூடுதலாச் சேருதோ அந்த எடம் படத்துல மின்னும். மூளையும் சர்க்கரை தின்னும், அதனால அதுவும் மின்னும். ஒமக்கு எடுத்தா எப்படியோ.

மீதிப் பாதிய அந்த வீடியோக்காரன் சொல்லலையே? வயித்துக்குப் போடலன்னா ஈரல் சும்மா இருக்காது. சதையக் கரைச்சு அதுவே சர்க்கரை ஆக்கி ரத்தத்துல விடும். புத்து வழக்கம்போலத் தின்னும். கரையுறது என் தங்கச்சி ஒடம்பு. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டக் கொளுத்துன கதை. எடை ரொம்ப எறங்கிட்டா கீமோவைக் குறைப்பாக, தள்ளிப் போடுவாக. அப்ப யாரு ஜெயிப்பா?

பையில என்ன, முள்சீத்தா இலையா? கண்ணாடித் தட்டுல வச்ச புத்துச் செல்ல அது கொல்லுதாம். பினாயில ஊத்துனாலும் சாகும்வே! மனுசன்ல பலிச்சதுக்கு உருப்படியா ஒரு சாட்சி கெடையாது. அதுல இருக்கிற அனோனாசின் நரம்புக்கு ஆகாது; குவாதலூப் தீவுல அதிகமாத் தின்னவகளுக்கு வந்த ஒருமாதிரி நடுக்குவாதத்துக்கு இதுதான் காரணமோன்னு சந்தேகப்பட்டாக. இயற்கைன்னா கெடுதல் இல்லைன்னு நெனைக்காதீரும்; பின்லாந்துல பீடா கரோட்டின் மாத்திரைய, கேரட்டுல இருக்கிற சத்துதானேன்னு, சிகரெட் குடிக்கிறவகளுக்குக் குடுத்துப் பாத்தாக. 1994ல கணக்கெடுத்தா, மாத்திரை தின்னவகளுக்குத்தான் நுரையீரல் புத்து கூடியிருக்கு. கேரட்டச் சமைச்சுத் தின்னும், தப்பில்ல. மாத்திரையாக்கி முழுங்காதீரும்.

அது கெடக்கட்டும். கட்டியில துணுக்கு எடுத்து ஹெர்-2ங்கிற புரதத்தைப் பாக்கணும்னு டாக்டரம்மா எழுதிக் குடுத்த சீட்டு எங்க? பருத்தி வெதைய ரகம் பாக்காம விக்க மாட்டீரு, கட்டிக்கு மட்டும் ரகம் வேண்டாமாக்கும்? ஹெர்-2 கூடுதலா இருந்தா வேகமா வளரும்னு ஒரு காலத்துல நடுங்குனாக. 1998ல டிராஸ்டுசுமாப் மருந்து வந்தபெறகு, அந்தப் புரதத்தையே குறிவச்சு அடிக்காக. ஹார்மோன் ஏத்துக்கிற ரகம்னா அதுக்குத் தனி மாத்திரை. ஒங்கம்மா பொழைப்பு அந்தச் சீட்டுல தொங்குது. ஒம்ம பையில இல்ல.

போயி ரெண்டு முட்டைய அவிச்சு, பருப்புஞ்சோறும் கொழையப் பெசஞ்சு கொண்டாரும். கஞ்சித்தண்ணி கொண்டாந்தீருன்னா ஒம்ம தலையிலதான் ஊத்துவேன். அதுக்கு முந்தி, எடது கன்னத்துல அதக்கியிருக்கீரே புகையிலை, அத வாசல்ல போயித் துப்பும். அது புத்து உண்டாக்கும்னு டாக்டருக ஒருத்தருக்கும் சந்தேகமில்ல. அதுக்கு மட்டும் ஒம்ம செல்போன்ல வீடியோ வரலையோ?